முதல் வைத்தியத்தை ஏலத்தில் எடுத்தவர்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியைப் பெரிதாக்குவது என்று முடிவெடுத்த கூட்டத்தில் அதிக நேரத்தைத் தின்றது வாசல் வளைவுதான். வளைவின் உச்சியில் புனித அன்னம்மாள் நிற்பதா, புனித அந்தோனியார் நிற்பதா என்று கேட்டுக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேநீர் குடித்தது. உள்ளே எத்தனை கட்டில் போடுவது என்ற கேள்வி, எல்லோரும் எழுந்து சாரத்தை உதறிக் கட்டும்போதுதான் வந்தது. அதையெல்லாம் டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள்.

ஆஸ்பத்திரி என்று நாங்கள் வாய் நிறையச் சொல்வது ஓர் அறையையும் ஒரு விறாந்தையையும்தான். கற்பிட்டிக்குப் போகும் பெரிய தெருவிலிருந்து இறங்கி, தென்னந்தோட்டங்களையும் வெங்காயப் பாத்திகளையும் தாண்டி, டயர் புதையும் மணல் பாதையில் வந்தால்தான் எங்கள் ஊர் வரும். அதற்கப்பால் கடல். வாரத்தில் ஒரு நாள் டொக்டர் வருவார் என்று விறாந்தையில் ஒரு பலகை தொங்குகிறது. பலகை ஒரு நாளும் வரத் தவறியதில்லை. மற்ற நாட்களில் நர்ஸ் மிஸ்ஸி இருப்பார். புத்தளத்து முஸ்லிம் பெண். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள குவாட்டர்ஸில் தனியாகத் தங்கியிருக்கிறார். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, மீன்முள் குத்திய விரலைக் கீறிக் கட்டுவது, வயிற்றுப் பிள்ளைக்காரிகளை நிறுத்துப் பார்ப்பது, எல்லாம் அவர்தான்.

நான் சிலாபம் பக்கத்திலிருந்து கலியாணம் கட்டி இங்கே வந்தவள். ஏ.எல். படித்து, பாலர் பாடசாலையில் கொஞ்சக் காலம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததால் ஊருக்கே நான் டீச்சர். அந்த ஒரு தகுதிக்காக ஆஸ்பத்திரிக் கமிட்டியில் தாய்மார் சார்பில் என்னை இருத்தினார்கள். மற்றவர்கள் பேசுவதை நல்ல தமிழில் திருப்பிச் சொல்வது என் வேலை. கொடுத்த வேலையை நான் தட்டியதில்லை. செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, செய்தது சரியா என்று சோறு ஆறும்வரை யோசிப்பேன்.

கமிட்டியில் இருக்கச் சம்மதித்ததற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது. என் மகன் அப்போது நடக்கத் தொடங்கிய பருவம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பி மணலையும் உப்பையும் வாரி இறைக்கத் தொடங்கினால் அவன் நெஞ்சு விசிலடிக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வரும். அதற்கு முகத்தில் மூடியை வைத்துப் புகையாக மருந்து பிடிக்க வேண்டும். அந்த மெஷின் எங்கள் ஊரில் இல்லை. முந்திய வருடம் அவனைப் புத்தளத்துக்குக் கொண்டுபோனது மீன் லொறியில். முன் சீட்டில் சாரதியும் அவருடைய மருமகனும் இருந்ததால், பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே என்னை ஏற்றினார்கள். மூச்சு இழுக்கும் பிள்ளையை ஐஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவது சரியா என்று பாலாவிச் சந்திவரை யோசித்தேன். சந்தி தாண்டியதும் யோசித்துப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். இன்னொரு சோளகத்துக்கு முன்னால் மெஷின் ஊருக்கு வந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வளைவில் யார் நின்றாலும் கும்பிட நான் தயாராக இருந்தேன்.

கட்டடம் எழும்பியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு படகும் ஒரு நாள் மீனை ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கியது. அந்த நாளில் எல்லாப் படகுக்கும் மீன் குறைவாகவே பட்டது. கடலின் குணம் அப்படி. இத்தாலியில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து புகை பிடிக்கும் மெஷினை அனுப்பினார்கள். கோயில் காணியில், பழைய அறைக்குப் பக்கத்தில், வெள்ளைத் தரையோடும் நீலத் திரைச்சீலையோடும் புது அறை நின்றது. இரண்டு கட்டில்கள் வந்தன. மெத்தைகளின் பொலித்தீன் உறையைக் கழற்றினால் அழுக்காகிவிடும் என்று அப்படியே விட்டார்கள். ஊர் வேலைகளெல்லாம் முடிந்த பிறகுதான் அரசாங்கச் சுகாதாரக் கந்தோரிடம் அறையைக் கையளிப்பது என்றும் அதுவரை அது கமிட்டியின் பொறுப்பு என்றும் பேச்சு.

கடைசியில் மின்விசிறிக்கும் வளைவுக்குப் பூசும் தங்கப் பெயின்ருக்கும் காசு போதவில்லை. அப்போதுதான் தலைவர் வாயைத் திறந்தார். அவர் பல படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார். ஊரில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருக்கும். ஏலம்.

எங்கள் ஊரில் முதலாவதாகச் செய்யும் எதையும் ஏலம் போடுவார்கள். திருநாளில் கொடிக் கயிற்றை முதலில் இழுப்பது, நேர்த்திக்கு வந்த வாழைக்குலையில் முதல் சீப்பு, புதுப் படகின் முதல் மீன் எல்லாம் ஏலத்தில்தான் போகும். எடுத்தவர் தன் கையால் அதைச் செய்து முடிக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ஒரு வருடம் கொடிக் கயிற்றை எடுத்தவர் முந்திய இரவு குடித்த களைப்பில் எழும்பவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை கொடி தரையில் கிடந்தது. சுவாமியாரும் பாட்டுக்காரரும் கொடிமரத்தின் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து நின்றார்களே தவிர, யாரும் கயிற்றைத் தொடவில்லை.

"முதல் வைத்தியத்தை ஏலம் விடுவம்" என்றார் சம்மாட்டியார்.

கமிட்டி தலையாட்டியது. எனக்குள் ஏதோ இடறியது. வாழைப்பழமும் வைத்தியமும் ஒன்றா என்று கேட்க நினைத்தேன். பிறகு, நான் வெளியூர்க்காரி, இது ஒரு மரியாதைக்காகச் செய்வதாக இருக்கும், பிரஷர் பார்த்துப் படம் எடுத்ததும் முடிந்துவிடும் என்று சமாதானம் ஆனேன். கேட்டால் மின்விசிறி வராமல் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. கோயில் மைக்கில் வாசிக்க அறிவித்தலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'நலம் காக்கும் திருப்பணியில் முதற் பேறு' என்று ஒரு வரி வைத்தேன். எல்லோரும் அந்த வரியைப் புகழ்ந்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஏலம் நடந்தது. சம்மாட்டியார் ஒரு பக்கம், ஐஸ் முதலாளி மறுபக்கம். ஐஸ் முதலாளியிடம்தான் ஊருக்கே ஐஸ் இருக்கிறது. அவர் முகம் கோணினால் அன்றைய மீன் பாலாவியைத் தாண்டுவதற்குள் நாறிவிடும். இருவருக்கும் நோய் நொடி எதுவும் கிடையாது. ஆனாலும் நோயாளியாவதற்கு அப்படிப் போட்டி போட்டார்கள். ஒரு கட்டத்தில் சம்மாட்டியார் கையைக் கீழே போட்டார். ஐஸ் முதலாளி முற்றத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். என் மகன் என் இடுப்பில் இருந்து அவனும் தட்டினான்.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்து நாடாவை வெட்டினார். சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். வளைவில் கடைசியில் அன்னம்மாளும் அந்தோனியாரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். படம் எடுப்பவர் கட்டிலுக்கு நேரே நின்று ஆயத்தமானார். ஐஸ் முதலாளி வெள்ளைச் சட்டையும் புதுச் சப்பாத்துமாக உள்ளே வந்தார். மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார். பொலித்தீன் முனகியது. அந்த நேரம் அவருடைய மனைவி அவர் காதுக்குக் கிட்டப் போய் ஏதோ சொன்னார். முதலாளியின் முகத்தில் இருந்த விழா இறங்கிப் போயிற்று. இன்றைக்கு நாள் சரியில்லை, இன்னொரு நாள் ஆறுதலாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அவர் மனைவி சொன்னது என்ன என்பது அன்று பின்னேரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. புது ஆஸ்பத்திரியின் புதுக் கட்டிலில் முதலில் படுப்பவன் எழும்பமாட்டான் என்று அந்த அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கட்டில் வேண்டாம், கதிரையில் இருந்து பிரஷர் மட்டும் பார்ப்போம் என்று கமிட்டி சொல்லிப் பார்த்தது. மைக்கில் சொல்லி அவ்வளவு காசு கொடுத்து எடுத்தது கதிரையில் இருப்பதற்கா என்று முதலாளி கோபித்தார். சரி, உரிமையை விட்டுக்கொடுங்கள் என்றதற்கு, விட்டுக்கொடுத்தால் சம்மாட்டி எடுத்துவிடுவான் என்றார். ஆக, அவர் படுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் படுக்கும்வரை வேறு யாரும் படுக்க முடியாது, உள்ளே இருந்த மெஷினையும் தொட முடியாது.

ஊர் நோயாளிகள் பழைய விறாந்தையில் வெயிலுக்கு விலகி விலகி இருந்தார்கள். பக்கத்தில் புது அறை நீலத் திரைச்சீலைக்குப் பின்னால் குளிர்ச்சியாகக் கிடந்தது. மிஸ்ஸி வாரம் ஒருமுறை திறந்து தூசி தட்டிவிட்டுப் பூட்டுவார். மின்விசிறி மட்டும் அப்போது சுற்றும். ஊர் முழுக்க ஒரு மனிதரின் சுகத்துக்காக இப்படி வருந்தியது அதற்கு முன் இருக்காது. முதலாளி இருமினால் சனம் நம்பிக்கையோடு திரும்பிப் பார்க்கும். அவர் மீன் வாங்கும்போது, நல்ல கொழுப்பு மீனாகப் பார்த்துக் கொடுப்பார்கள். என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, முதலாளிக்கு வயிற்றோட்டம் வரவேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

"பெரிசா ஒண்டும் கேக்கல்ல" என்றார் மச்சாள். "ஒரு நாளைக்கு வந்தாப் போதும்."

நான் சிரித்தேன். பிறகு, ஒருவருக்கு நோய் வரவேண்டும் என்ற வேண்டுதலுக்குச் சிரித்தது பாவமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பிவிட்டது.

சோளகம் எழும்பியது. கூடவே தலவில அன்னம்மாள் கோயில் திருநாளும் வந்தது. திருநாளுக்கு எங்கள் ஊர் மிச்சமில்லாமல் போகும். லேன்ட்மாஸ்ரர் ட்ரக்டர்கள், ஓட்டோக்கள், லொறிகள் எல்லாவற்றிலும் பாயும் பானையுமாக ஏறிப் போவார்கள். முதலாளியின் ஐஸ் லொறியும் அங்கே வியாபாரத்துக்குப் போய்விடும். மகனுக்கு மூக்கு ஒழுகியதால் நான் நின்றுவிட்டேன். என் கணவர் போனார். மகனுக்கு மூச்சுச் சுகமாக வேண்டும் என்று நேர்த்தி வைக்கத்தான் போனார். முழங்கால் வலியால் மச்சாளும் நின்று, போனவர்களின் கோழிகளுக்கெல்லாம் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

திருநாளன்று காலை சாப்பிட்ட பிறகு மகன் விளையாட்டை நிறுத்தினான். சும்மா சளியாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். விலாவில் தோல் உள்ளே போனது. நான் பார்க்கும் பார்வையில்தான் அப்படித் தெரிகிறதோ என்று திரும்பப் போட்டுவிட்டு மீண்டும் கழற்றினேன். மச்சாள் கோழித் தீனிச் சட்டியோடு வந்து ஒரு தரம் பார்த்தார்.

"எத்தின தரம் கழட்டுவ? தூக்கு" என்றார்.

தெரிந்த ஓட்டோக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் தலவிலச் சனத்துக்குள் அகப்பட்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றார். பின்னணியில் பாண்ட் வாத்தியம் கேட்டது. கணவரின் போன் அடித்து அடித்து நின்றது. ஊரில் சில்லுள்ள சாமான் என்று இருந்தவை பிள்ளைகளின் சைக்கிள்கள்தான். நானும் மச்சாளும் மகனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மச்சாள் ஓடியதை அவருடைய முழங்கால் இன்னும் சொல்லிக்காட்டுகிறது.

மிஸ்ஸி மகனின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். வாயால் கொடுக்கும் மருந்தில் கொஞ்சம் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இதற்குப் புகை பிடிக்கத்தான் வேண்டும் என்றார். மெஷின் அடுத்த அறையில், அலுமாரிக்குள், இத்தாலியிலிருந்து வந்த பெட்டியிலேயே இருந்தது. இடையில் இருந்தது ஒரு கதவு.

அந்த இடத்தில் எந்தத் தாயும் கதவைத் திறக்கச் சொல்லியிருப்பாள். நான் கமிட்டி அங்கத்தவர். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். தன்னைக் கேட்காமல் திறந்தார்கள் என்று அவர் கோபித்து, மெஷினையே அடுத்த முறை தொடவிடாமல் செய்துவிட்டால் மகனுக்கு எங்கே போவது என்றும் மனம் ஓடியது.

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"உன்ட பிள்ள மூச்சு விடுறதுக்குக் கமிட்டியக் கேக்கணுமா?"

நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். அவர் திறக்கச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேனோ, வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேனோ தெரியாது. மிஸ்ஸி அமைதியாக, "சரி, போய்க் கேட்டுட்டு வாங்க. புள்ளய இங்க தாங்க" என்றார். மகனை மச்சாளின் மடியில் இருத்திவிட்டு ஓடினேன்.

முதலாளி வீட்டில் இருந்தார். லொறியைத் திருநாளுக்கு அனுப்பிவிட்டு, வீட்டைக் காவல் காக்க நின்றிருந்தார். பேக்கரிப் பாணையும் சூரைமீன் குழம்பையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்கச் சொன்னேன். வந்தவளே நோயாளி என்று நினைத்துக் கதிரையைக் காட்டினார்கள். பிள்ளைக்கு என்று விளங்கியதும் முதலாளி பாணைக் கீழே வைத்தார்.

"பிடிங்க டீச்சர். நானா வேணாண்டு சொல்றன்?"

நான் திரும்புவதற்குள் அவர் மனைவி குறுக்கே வந்தார். அப்படிப் பிடித்துவிட்டால் தங்கள் முதல் வைத்தியம் என்னாவது, கோயில் முற்றத்தில் எல்லோரும் பார்க்க எடுத்தது, நாளைக்குச் சம்மாட்டி சிரிக்கமாட்டாரா என்று கேட்டார். முதலாளி யோசித்தார். அதுவும் சரிதான் என்றார். கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

அப்படியானால் முதலாளியே வந்து முதலில் பார்த்துவிடட்டும், கட்டிலில் படுக்க வேண்டாம், கதிரையில் இருந்தால் போதும் என்று நான் கெஞ்சினேன். கதிரை என்றதும் அம்மாவுக்கும் கொஞ்சம் மனம் இறங்கியது. வீட்டுக்கு உயிரோடு திரும்பி வருவதும் முக்கியம் அல்லவா. படம் எடுக்க ஆள் இல்லையே என்று மட்டும் கவலைப்பட்டார். என் போனில் எடுக்கிறேன் என்றேன். அப்படிச் சொன்ன வாய் என்னுடையதுதான்.

முதலாளி கை கழுவினார். சாரத்தோடு போக முடியாது என்று காற்சட்டை போட்டார். வெள்ளைச் சட்டை அலுமாரியில் அடியில் இருந்தது. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று மாறிவிட்டது, திரும்பக் கழற்றிப் போட்டார். அவர் மனைவி எண்ணெய்ப் போத்தலை எடுக்கும்போது சீப்பை என் கையில் தந்தார். நான் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை அங்கே மூச்சுக்குத் தவிக்கிறான், நான் ஒரு முதலாளியின் தலைக்குச் சீப்புப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் அவர் கோபித்துத் திரும்பிவிடுவாரோ என்று இருந்தது. சீப்பின் பற்கள் உள்ளங்கையில் பதிந்து கிடந்ததைப் பிறகுதான் கண்டேன்.

வெளியே வந்ததும் மணலில் முதலாளி நடக்க முடியாமல் நடந்தார். புதுச் சப்பாத்துக்குள் மணல் போனது, நின்று தட்டினார். வியர்த்தது, நின்று துடைத்தார். காற்றில் தலைமுடி கலைந்தது, அதற்கும் நின்றார். நான் முன்னால் ஓடி, அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்து, மறுபடியும் ஓடினேன். கோயில் மதில் திரும்பியதும் எனக்குள் ஏதோ அறுந்தது. அவர் வந்தால் வரட்டும் என்று ஒரே ஓட்டமாக ஓடினேன்.

புது அறையின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மச்சாள் கதிரையில் இருந்தார். அவர் மடியில் மகன், முகத்தில் மூடி, சுற்றிப் புகை. அவன் விலா மெதுவாக ஏறி இறங்கியது. என்னைக் கண்டதும் மூடிக்குள்ளேயே அழத் தொடங்கினான். அழுவதற்கு மூச்சு இருக்கிறது என்று கண்டேன். அவன் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தரையில் இருந்தேன்.

நான் முற்றத்தைத் தாண்டுவதற்கு முன்பே மிஸ்ஸி கதவைத் திறந்திருந்தார்.

"அப்ப ஏன் என்னைப் போகச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க இங்க நிண்டா, திறக்கவா வேணாமா, சரியா பிழையாண்டு கேட்டுக்கிட்டே இரிப்பீங்க" என்றார் மிஸ்ஸி. "எனக்கு ஒரு புள்ளயத்தான் ஒரு நேரத்தில பாக்க ஏலும்."

எனக்குச் சுட்டது. ஆனால் அதில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை.

புகை முடிந்தது. மிஸ்ஸி மூடியைக் கழற்றி மகனின் முகத்தைத் துடைத்தார். பின்னேரம் ஒருமுறை, நாளைக்கும் பிடிக்க வேண்டும், காற்று அடங்கும்வரை எப்போதும் தேவைப்படலாம் என்றார். அந்த நேரம் வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மச்சாள் மகனைத் தூக்கிக்கொண்டு, இரண்டாவது கட்டிலை மறைத்த நீலத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். போ என்று யாரும் சொல்லவில்லை. சில நேரங்களில் மச்சாளின் முழங்கால் நன்றாக வேலை செய்யும்.

முதலாளி வளைவைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். கதிரையைத் துவாயால் தட்டி அமர்ந்தார். மிஸ்ஸி அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். இறக்கினார். மறுபடி அடித்தார். மற்றக் கையிலும் பார்த்தார். தலை சுற்றுமா, பின்கழுத்து வலிக்குமா என்று கேட்டார். அது எல்லாருக்கும் உள்ளதுதானே என்றார் முதலாளி.

"கட்டில்ல படுங்க முதலாளி."

"நான் சும்மா பேருக்கு வந்தது மிஸ்ஸி."

"பேருக்கு வந்தவரும் படுக்கத்தான் வேணும். இப்பிடியே எழும்பி நடந்தீங்கண்டா வழியில விழுந்துடுவீங்க."

முதலாளியின் முகம் ஐஸ் போல் வெளுத்தது. சப்பாத்தைக் கழற்ற நான்தான் உதவினேன். அவர் மிகக் கவனமாக, கடலில் இறங்குபவர் போல, மெத்தையில் ஒரு காலை வைத்து மறு காலை வைத்தார். பொலித்தீன் ஊருக்கே கேட்க முறுகியது. மிஸ்ஸி டொக்டருக்குப் போன் எடுத்து, சொன்ன குளிசையைக் கொடுத்தார். லொறி வந்ததும் புத்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். இவ்வளவு நாளும் ஊர் பொறாமைப்பட்ட அந்த ஆரோக்கியத்துக்குள் இப்படி ஒரு பிரஷர் இருந்ததை யாரும் அறியவில்லை. முதலில் படுக்கப் பயந்து அவர் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அது ஏறிக்கொண்டே போயிருக்கும்.

கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"டீச்சர், நான்தானே முதல்?"

திரைச்சீலைக்குப் பின்னால் மகன் இருமினான். மிஸ்ஸி மருந்துப் போத்தலைக் கழுவுவதில் மும்முரமானார். வழக்கமாக நான் ஒரு பதில் சொல்வதற்குள் மூன்று பதில்களைச் சொல்லிப் பார்ப்பேன். இல்லை என்றால் இந்த மனிதர் எழும்பிப் போய்விடுவார். அவர் போனால் கதவும் மூடிக்கொள்ளும். பின்னேரம் ஒருமுறை, நாளைக்கும்.

"ஓம் முதலாளி. நீங்கதான்."

அவர் கண்ணை மூடினார். படம் எடு என்று சொல்வதற்கும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன், அந்தப் பொய்யை. யோசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

பின்னேரம் ஊர் திருநாளிலிருந்து வந்து இறங்கியது. தொப்பிகள், ஊதிகள், பூந்தி சுற்றிய கடதாசிச் சரைகள், தூங்கும் பிள்ளைகள். முதலாளி புதுக் கட்டிலில் படுத்த செய்தி அவர்களுக்கு முன்னாலேயே பெரிய தெருவரை போயிருந்தது. அவரை லொறியில் ஏற்றும்போது வழியனுப்ப ஒரு கூட்டமே நின்றது. எழும்பமாட்டார் என்று பயந்த அவர் மனைவி, அவர் எழும்பி லொறிவரை நடந்து போனதைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார். அன்னம்மாள் அருள் என்றார்கள். படம் எடுக்காமல் விட்டதற்குச் சம்மாட்டியார் கமிட்டி சார்பில் என்னிடம் விளக்கம் கேட்டார். முதலாளி சுகமாகி வந்ததும் இன்னொரு தரம் படுக்க வைத்துப் படம் எடுக்கலாம் என்று தீர்மானித்தார்.

மகனுக்கு இரண்டாவது முறை புகை பிடிக்க நான் போனபோது புது அறைக்கு முன்னால் வளைவைத் தாண்டி வரிசை நின்றது. முதல் வைத்தியம் முடிந்துவிட்டதால் மீதி வைத்தியம் எல்லோருக்கும் பொது. பிரஷர் பார்க்க வந்தவர்கள், கட்டிலில் படுத்துப் பார்க்க வந்தவர்கள், மின்விசிறிக்குக் கீழே நிற்க வந்தவர்கள். ஓரிருவருக்கு உண்மையான நோயும் இருந்தது. நெஞ்சில் ஒரு குறையும் இல்லாத பலருக்கு இத்தாலிப் புகையை ஒருமுறை இழுத்துப் பார்க்க ஆசை. எனக்குப் பின்னால் சம்மாட்டியார் நின்றார். இரண்டாவது வைத்தியத்தையும் ஏலம் போட்டிருக்கலாம், கமிட்டி யோசிக்காமல் விட்டுவிட்டது என்று அவருக்குக் கவலை.

வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் யாரும் இல்லை. மகன் என் தோட்டைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நெஞ்சில் மெல்லிய விசில் இன்னும் இருந்தது.

"பிள்ள நல்லாத்தானே சிரிக்கிறான் டீச்சர்" என்றார் சம்மாட்டியார். "கொஞ்சம் தள்ளுங்க. நான் ஒருக்காப் புகை பிடிச்சிட்டு வந்துடுறன்."

அவர் கமிட்டித் தலைவர். வயதில் மூத்தவர். என் கணவர் போவது அவருடைய படகில். என் கால் பழக்கத்தில் பக்கவாட்டில் அசைந்ததை உணர்ந்தேன்.

"பிள்ளைக்குப் பிறகு பிடிங்க" என்றேன்.

உள்ளே போய்க் கதிரையில் இருந்த பிறகுதான், இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாமோ என்று யோசிக்கத் தொடங்கினேன். அதற்குள் மிஸ்ஸி மெஷினைப் போட்டுவிட்டார்.